ஏ.ஐ. எழுதித் தந்த நிரலுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

'கொலுசு' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணி மூன்று என்று சொல்லிவிடும். பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை எண்ணும் 'லென்' கட்டளையைக் கேட்டால் ஆறு என்கிறது. க, ஒகரக் குறி, ல, உகரக் குறி, ச, உகரக் குறி என்று யூனிகோடு என்ற எழுத்து எண் பட்டியலில் தனித்தனி எண்ணோடு இருப்பவற்றை அது எண்ணுகிறது. 'கொ' என்பது ஓர் எழுத்து என்ற சங்கதி அதற்குத் தெரியாது.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி, தமிழ்ச் சொற்களைக் கையாளும் ஒரு திறமூல லைப்ரரியில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தி, திருத்தவும் கூடிய நிரல் தொகுப்பில்) இந்தப் பிழையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏ.ஐ. உதவியாளரிடம் சொல்கிறார். அரை நிமிடத்தில் பன்னிரண்டு வரி நிரல், இரண்டு டெஸ்ட், பளபளப்பான ஒரு விளக்கம் எல்லாம் வந்துவிடுகின்றன. டெஸ்ட் இரண்டும் பச்சை, அதாவது தேறிவிட்டன. இதை அப்படியே பேட்சாக, அதாவது திருத்தமாக, திட்டத்துக்கு அனுப்பலாமா? எழுதியவர் என்று யார் பெயரைப் போடுவது? நாளைக்கு உடைந்தால் யாரைக் கேட்பார்கள்?

கடைசிக் கேள்விக்குத் திறமூலத் திட்டங்கள் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: அனுப்பியவரை. மற்ற இரண்டுக்கும் பதில் திட்டத்துக்குத் திட்டம் மாறும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

(கட்டளைகளையும் கமிட் வரிகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். கணினியில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

கையெழுத்து என்பது என்ன

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட்; அப்படிப் பதியும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு பெயர்களைத் தானாகவே பதிக்கும். நிரலை எழுதியவர் 'ஆதர்', அதைக் களஞ்சியத்தில் சேர்த்தவர் 'கமிட்டர்'. இவை வெறும் பதிவுகள். யாரும் எதற்கும் உறுதி கொடுத்ததாக ஆகாது. உறுதி கொடுப்பது கமிட் செய்தியின் அடியில் வரும் 'சைன்ட்-ஆஃப்-பை' என்ற வரி.

அந்த வரி பிறந்தது ஒரு வழக்கின் நிழலில். தன் யுனிக்ஸ் இயங்குதளச் சொத்து லினக்ஸுக்குள் போய்விட்டது என்று 2003-இல் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒரு வரி எங்கிருந்து வந்தது, யார் கை வழியாக வந்தது என்று சட்டென்று எடுத்துக்காட்ட ஒழுங்கான ஏற்பாடு அப்போது இல்லை. 2004-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கொண்டுவந்த ஏற்பாடுதான் 'டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்', சுருக்கமாக டி.சி.ஓ. ஒரு பக்கம்கூட வராத சான்று அது. அதன் கீழ் உங்கள் பெயரைப் போடுவதற்குச் சமம்தான் சைன்ட்-ஆஃப்-பை வரி.

சான்றில் நான்கு கூறுகள் உண்டு. முதலாவது: இதை முழுதாகவோ பகுதியாகவோ நான் எழுதினேன், இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. இரண்டாவது: இது ஏற்கெனவே இருக்கும் ஒரு படைப்பை வைத்துச் செய்தது, எனக்குத் தெரிந்தவரை அதன் திறமூல உரிமம் இதற்கு இடம் கொடுக்கிறது. மூன்றாவது: இப்படிச் சான்று கொடுத்த வேறொரு நபர் இதை என்னிடம் நேரடியாகத் தந்தார், நான் மாற்றவில்லை. நான்காவது: என் பெயரும் மின்னஞ்சலும் உட்பட இந்தப் பதிவு பொதுவில் எப்போதும் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏ.ஐ. தந்த நிரலை இதில் எந்தக் கூற்றின்கீழ் கொண்டுவருவது? 'எனக்கு அது கொடுத்தது, நான் அனுப்பினேன்' என்று நினைப்பவர்கள் மூன்றாவதில் நுழையப் பார்க்கிறார்கள். அங்கே இடமில்லை. அது 'சான்று கொடுத்த வேறொரு நபர்' என்கிறது, ஏ.ஐ. நபரும் இல்லை, சான்றும் கொடுக்கவில்லை. மிஞ்சுவது முதல் இரண்டு. இரண்டிலும் பேசுவது 'நான்'. ஆகவே அந்த நிரல் என்ன, எதிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போடும் கையெழுத்து பொய்ச் சான்று.

லினக்ஸ் கெர்னலின் ஆவணம் இதை வளைக்காமல் சொல்கிறது: ஏ.ஐ. முகவர்கள் சைன்ட்-ஆஃப்-பை வரியைச் சேர்க்கவே கூடாது. மனிதர் ஒருவர் நிரலைப் படித்து, உரிமத்தைச் சரிபார்த்து, தன் பெயரைத் தானே போட்டு, முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

கருவியின் பெயரை ஏன் எழுத வேண்டும்

பொறுப்பு முழுக்க மனிதருடையது என்றால் கருவியின் பெயர் எதற்கு? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சங்கிலியை மெஷின் பின்னிக் கொடுக்கிறது. பற்றவைக்கும் பொடியில் கலப்பு கூடினால் டச் (வெள்ளியின் தூய்மை) இறங்கும். டச் இறங்கிய சரக்கு திரும்பி வந்தால், கொக்கி ஓரத்தில் யார் சீல் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள். மெஷினை யாரும் கேட்பதில்லை. ஆனால் எந்த மெஷின், எந்தப் பொடி என்று குறித்து வைத்திருந்தால், அதே நாளில் அதே கையில் ஓடிய மற்ற ஜோடிகளையும் எடுத்துப் பார்த்துவிடலாம்.

கமிட் செய்தியில் கருவியின் பெயரைச் சொல்லும் 'அசிஸ்டெட்-பை' வரியின் வேலையும் இதுதான். ஒரு குறிப்பிட்ட மாடல் ஒரு வகைப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று பின்னால் தெரியவந்தால், கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாக் கட்டளையில், சொல்லைத் தேடும் கிரெப் தேர்வைப் போட்டு, அதன் உதவியோடு வந்த கமிட்டுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். ரிவியூ செய்பவருக்கும் எங்கே கூடுதலாக உற்றுப் பார்ப்பது என்று முன்கூட்டியே தெரியும். பொறுப்பில் பாதியைக் கருவிக்குத் தள்ளிவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை.

கெர்னல் கேட்கும் வடிவம்: அசிஸ்டெட்-பை, முக்காற்புள்ளி, கருவியின் பெயர், இன்னொரு முக்காற்புள்ளி, மாடலின் பதிப்பு. பதிப்பை விட்டுவிட்டால் பாதிப் பயன் போச்சு. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் திட்டமும் 2025 அக்டோபரில் ஏற்ற கொள்கையில் இதே அசிஸ்டெட்-பை வரியைத்தான் பரிந்துரைக்கிறது.

சில கருவிகள் கேட்காமலே 'கோ-ஆதர்ட்-பை' என்று தங்கள் பெயரைச் சேர்த்துவிடுகின்றன. அந்த வரி இரண்டு மனிதர்கள் சேர்ந்து எழுதும்போது போடுவதற்காக வந்தது. கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளம் அதைப் படித்து இருவர் படத்தையும் பக்கத்தில் காட்டும். கருவியை இணையாசிரியராகக் காட்டுவது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல இன்னொருவர் இருக்கிறார் என்ற பொய்த் தோற்றத்தைத் தரும். திட்டம் அதைக் கேட்டிருந்தாலொழிய, கருவியின் அமைப்பில் அதை அணைத்துவிடுவதே நல்லது.

இந்த வரிகளை எழுதுவதில் சறுக்கும் இடங்கள் சில. கிட் கமிட் கட்டளையோடு 'மைனஸ் எஸ்' போட்டால் சைன்ட்-ஆஃப்-பை தானாக வரும். ஆனால் பெயரை அது கிட் அமைப்பிலிருந்து எடுக்கும். கல்லூரி லேபில் உட்கார்ந்து அனுப்பினால் 'ஸ்டூடண்ட்' என்றோ முன்பு உட்கார்ந்தவர் பெயரிலோ கையெழுத்து விழும். அனுப்புவதற்கு முன் கிட் லாக் ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். கடைசிக் கமிட் மட்டும் தவறு என்றால் அமைப்பைத் திருத்திவிட்டு, கிட் கமிட் கட்டளையோடு 'அமெண்ட்' (கடைசிக் கமிட்டைத் திருத்து), 'ரீசெட்-ஆதர்' (எழுதியவர் பெயரை மாற்று) இரண்டையும் போடுங்கள். செய்தியில் இருக்கும் பழைய கையெழுத்து வரியைக் கையால்தான் அழிக்க வேண்டும். பல கமிட்டுகளில் கையெழுத்து விட்டுப்போயிருந்தால், கமிட்டுகளை மறுபடி அடுக்கும் ரீபேஸ் கட்டளையில் 'சைனாஃப்' தேர்வு உண்டு.

சைன்ட்-ஆஃப்-பை போன்ற அடிவரிகள் எல்லாம் செய்தியின் கடைசிப் பத்தியில், இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நடுவில் வெற்று வரி ஒன்று விழுந்தால் மேலே இருப்பவற்றைக் கிட் அடிவரியாகவே எடுத்துக்கொள்ளாது. புல் ரிக்வெஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) ஸ்குவாஷ் செய்து, அதாவது பல கமிட்டுகளை ஒன்றாக்கி, இணைக்கும்போதும் இதே தொல்லை: பல செய்திகளை ஒன்றாக ஒட்டும்போது உங்கள் வரி நடுப்பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பச்சை காட்டிய டெஸ்ட்

அந்த மாணவியின் பேட்சுக்குத் திரும்புவோம். பொறுப்பு என்ற சொல் காற்றில் நிற்கும் சொல்லாகத் தோன்றலாம். நடைமுறையில் அது, வந்த நிரலை வரிவரியாகச் சோதிக்கும் வேலை.

ஏ.ஐ. எழுதிய நிரல், யூனிகோடில் 'எம்என்' என்ற வகையைச் சேர்ந்த குறிகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுகிறது என்று வைப்போம். ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் மேலிருக்கும் குறிகளை நீக்க எல்லோரும் எழுதும் நிரல்தான் அது. டெஸ்டுக்கு அது எடுத்துக்கொண்ட சொற்கள் 'மீன்', 'நீர்'. இரண்டுக்கும் விடை இரண்டு. சரியாகத்தான் இருக்கிறது. ஏன் சரியாக இருக்கிறது? தமிழ்க் குறிகளில் புள்ளியும் ஈகாரக் குறியும் யூனிகோடில் 'எம்என்' வகை. ஆகாரம், இகரம், உகரம், எகரம், ஒகரம் முதலிய மற்ற உயிர்க்குறிகள் எல்லாம் 'எம்சி' என்ற வேறு வகை. மீனிலும் நீரிலும் ஈகாரமும் புள்ளியும் மட்டும் இருப்பதால் டெஸ்ட் தப்பித்தது. 'சேலம்' என்று போட்டால் மூன்றுக்குப் பதில் நான்கு வரும். 'ஏற்காடு' நான்குக்குப் பதில் ஆறு. 'கொலுசு' பழையபடி ஆறு. எந்தப் பிழைக்காகப் புறப்பட்டாரோ அதுவே சரியாகவில்லை.

இரண்டு வகைகளையும் விட்டால் கொலுசு மூன்றாகிவிடும். அதோடு முடிந்ததா? 'கௌரி' என்பதைப் பலர் எகரக் குறியோடு ளகரத்தைச் சேர்த்துத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும். நிரல் மூன்று எழுத்து என்னும். இதைக் கேட்டால் ஏ.ஐ. உதவியாளர் 'என்எஃப்சி இயல்பாக்கம் செய்தால் சரியாகிவிடும்' என்று அடித்துச் சொல்ல வாய்ப்புண்டு. பிரிந்து வந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு முறை அது. பாதி உண்மை. எகரக் குறியும் காலும் தனித்தனியாக வந்தால் என்எஃப்சி அவற்றை ஒகரக் குறியாகச் சேர்த்துவிடும். ளகரம் என்பது தனி எழுத்து. அதை என்எஃப்சி தொடவே தொடாது.

பிறகு 'லக்ஷ்மி'. க்ஷ ஓர் எழுத்தா இரண்டா? யூனிகோடில் அது க, புள்ளி, ஷ. இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் வாதம்தான் வரும், விடை வராது. லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு எது பயன் என்று பார்த்து ஒரு மனிதர் முடிவெடுத்து ஆவணத்தில் எழுத வேண்டிய இடம் இது. இயந்திரம் ஏதோ ஒன்றைத் தானே முடிவு செய்துகொண்டு, முடிவு செய்ததைச் சொல்லாமலும் இருந்துவிடும். நிரல் முழுக்கத் தவறு என்றால் உடனே தெரிந்துபோகும். ஆபத்து இப்படிச் சத்தமில்லாமல் எடுக்கப்பட்ட முடிவுகளில்தான்.

ஆகவே அனுப்புவதற்கு முன் இவ்வளவாவது செய்யுங்கள். திருத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள். சிவப்பு காட்ட வேண்டும். திருத்தம் இல்லாமலும் பச்சை காட்டும் டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை. உதவியாளர் பழைய டெஸ்டுகளில் கை வைத்திருக்கிறதா என்று டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) பாருங்கள். நிரலைத் திருத்த முடியாதபோது எதிர்பார்க்கும் விடையை மூன்றிலிருந்து ஆறாக மாற்றிப் பச்சை காட்டும் வேலையும் நடக்கும். புதிதாக ஏதாவது பேக்கேஜ் (வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் நிரல் தொகுப்பு) பெயர் சேர்ந்திருந்தால் அது உண்மையில் இருக்கிறதா, யார் பராமரிக்கிறார்கள் என்று தேடுங்கள். இல்லாத பேக்கேஜை ஏ.ஐ. கற்பனை செய்வதும், அந்தப் பெயரில் விஷமிகள் பதிவு செய்து காத்திருப்பதும் தெரிந்த மோசடி. கேட்காத இடங்களில் பெயர் மாற்றம், இடைவெளி மாற்றம் செய்திருந்தால் அவற்றையெல்லாம் தூக்கிவிடுங்கள். பன்னிரண்டு வரித் திருத்தத்தைத் தேடி முந்நூறு வரி டிஃப் படிக்க எந்தப் பராமரிப்பாளருக்கும் நேரமில்லை.

அந்தந்தத் திட்டத்தின் வாசல்

முதல் வேலையாகத் திட்டத்தின் பங்களிப்பு விதிகளைப் படியுங்கள். பெரும்பாலும் 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற கோப்பில் இருக்கும். ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் ஏ.ஐ. துணையோடு உருவாக்கியதை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. அடுத்த மாதமே நெட்-பிஎஸ்டி இயங்குதளத் திட்டம், அத்தகைய நிரலை உரிமக் கறை படிந்ததாகக் கருதுவோம், மையக் குழுவின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் சேர்க்கக் கூடாது என்றது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக்காட்டும் மென்பொருளான கியூஇஎம்யு 2025-இல் கதவை மூடியது. காரணமாகச் சொன்னது டி.சி.ஓ.வைத்தான். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவிகளைத் தரும் எல்.எல்.வி.எம். அனுமதிக்கிறது; ஆனால் அனுப்புபவர் எல்லாவற்றையும் தானே படித்திருக்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. புதியவர்கள் கற்றுக்கொள்வதற்காக ஒதுக்கிய 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' வேலைகளை ஏ.ஐ.யிடம் கொடுத்து முடிப்பதையும் அது விரும்புவதில்லை. இந்த ஒரு விதிக்காகவே எல்.எல்.வி.எம்.மைப் பாராட்டலாம்.

மறுப்பவர்களின் அச்சம் வெறும் பிடிவாதம் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி உருவாக்கிய படைப்புக்கு 'அதை உருவாகச் செய்த நபர்' ஆசிரியர் என்கிறது. 1994 திருத்தத்தில் வந்த வரையறை அது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ, ஏ.ஐ.க்கு உத்தரவு எழுதிக் கொடுத்தது மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது என்று 2025 ஜனவரி அறிக்கையில் சொன்னது. சேலத்திலிருந்து ஒருவரும் சியாட்டிலிலிருந்து ஒருவரும் எழுதும் திட்டத்தில் எந்தச் சட்டத்தை வைத்து உரிமையைச் சொல்வது? தவிர, எம்.ஐ.டி. போன்ற தளர்வான உரிமம்கூட முதல் ஆசிரியரின் பதிப்புரிமை வரியை நீக்காமல் வைக்கச் சொல்கிறது. ஏ.ஐ. பயிற்சியில் பார்த்த நிரலை அப்படியே கக்கினால் அந்த வரி கூடவே வராது. நீளமாக, வழக்கத்துக்கு மாறான பெயர்களோடு, கச்சிதமாக ஒரு ஃபங்ஷன் வந்தால் அதில் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு நிரல் தேடலில் தேடிப் பாருங்கள்.

கேள்வி வரும்போது

பேட்ச் போன பிறகு 'இங்கே ஏன் இரண்டு வகையையும் விடுகிறீர்கள்?' என்று பராமரிப்பாளர் கேட்பார். அந்தக் கேள்வியை அப்படியே உதவியாளரிடம் ஒட்டி, வந்த நான்கு பத்திப் பதிலைத் திருப்பி ஒட்டுவதைவிட மோசமான காரியம் கிடையாது. மறுமுனையில் இருப்பவர் மனிதரோடு பேசுவதாக நினைத்துத் தன் மாலை நேரத்தைச் செலவழிக்கிறார். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் கருவியை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் இதைப் பற்றி 2024 முதலே எழுதிவருகிறார்: இல்லாத பாதுகாப்புக் குறைகளை நம்பும்படி விவரித்து வந்த ஏ.ஐ. புகார்கள், ஒவ்வொன்றையும் பொய் என்று நிரூபிக்க ஆகும் நேரம். கடைசியில், 2026 ஜனவரியோடு கர்ல், குறையைக் கண்டு சொல்பவர்களுக்குப் பணம் தரும் தன் பக் பவுண்டி பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. ஏ.ஐ. வருவதற்கு முன்பும் இந்தக் கூத்து உண்டு; 2020-இல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூல நிகழ்வின் பரிசு டி-ஷர்ட்டுக்காக வந்து குவிந்த ஒப்புக்குச் சப்பாணிப் புல் ரிக்வெஸ்டுகளைப் பழைய ஆட்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆங்கிலம் தடுமாறும் என்பதால் ஏ.ஐ.யை நாடுபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். மொழியைத் திருத்திக்கொள்வதில் பெரும்பாலான திட்டங்களுக்கு மனக்குறை இல்லை. சொல்லும் விஷயம் உங்களுடையதாக இருந்தால் போதும். இலக்கணப் பிழையோடு மூன்று வரி எழுதினாலும் பராமரிப்பாளருக்குப் புரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன் என்பதும் சரியான பதில்தான்.

இணைத்த பிறகும் பெயர் அங்கேயேதான் இருக்கும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் 'கௌரி' தவறாக எண்ணப்படுகிறது என்று இஷ்யூ (பிழைப் புகார்) திறப்பார். ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேமை அங்கே ஓட்டினால் வருவது மாணவியின் பெயர். அன்று அவர் செய்ய வேண்டியது: பார்த்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுவது, பிழையைக் காட்டும் டெஸ்டை முதலில் சேர்ப்பது, அடுத்து திருத்துவது. தேர்வு நேரம், திருத்த முடியாது என்றால் தன் கமிட்டைத் தானே ரிவர்ட் செய்து (அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று), ஏன் என்று காரணத்தையும் எழுதிவிடலாம். ரிவர்ட் கமிட்டிலும் அடியில் அவர் பெயரில் ஒரு சைன்ட்-ஆஃப்-பை வரி வேண்டும்.